கங்குபாயின் பணம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ‘கங்குபாய் கத்தியவாடி’ படம் பார்த்தேன். அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தாரா? படத்தில் வருவதில் எவ்வளவு உண்மை? பெண்களை வைத்துத் தொழில் நடத்திய ஒருவரை நாயகியாகக் காட்டுவது சரிதானா?

பதில்: இருந்தார். மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியான காமாத்திபுராவில் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். படத்துக்கு ஆதாரம் எஸ். ஹுசைன் ஜைதியும் ஜேன் போர்ஜஸும் 2011இல் வெளியிட்ட ‘மாஃபியா க்வீன்ஸ் ஆஃப் மும்பை’ என்ற புத்தகம். அதில் கங்குபாய்க்கு ஒரே ஓர் அத்தியாயம்தான். அந்தச் சில பக்கங்களைத்தான் சஞ்சய் லீலா பன்சாலி இரண்டரை மணி நேரப் படமாக்கியிருக்கிறார். அதனால் எது புத்தகத்தில் இருப்பது, எது பன்சாலி சேர்த்தது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

புத்தகம் சொல்லும் கதை இது. குஜராத்தின் கத்தியவார் பகுதியில் வசதியான குடும்பத்துப் பெண் கங்கா. சினிமாவில் நடிக்க ஆசை. அப்பாவிடம் கணக்கராக வேலைக்குச் சேர்ந்த ரம்னிக் என்ற இளைஞனைக் காதலித்து, 16 வயதில் அவனோடு பம்பாய்க்கு ஓடி வருகிறாள். சில நாட்களில் அவன், ‘என் சித்தி வீட்டில் இரு, நான் வேறு இடம் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லி, ஒரு பெண்ணோடு அனுப்பி வைக்கிறான். அவள் கூட்டிப்போன வீடு காமாத்திபுராவில் இருந்தது. கங்காவை விற்ற விலை 500 ரூபாய். திரும்பிப் போனால் குடும்பம் ஏற்காது, ஊரில் தங்கைகளுக்குக் கல்யாணம் நடக்காது என்று தெரிந்து, அழுது ஓய்ந்து, அந்தத் தொழிலில் இறங்குகிறாள். பிறகு ஒரு பத்தான் அடியாள் அவளைக் கொடூரமாகச் சிதைக்கிறான். உடம்பு தேறியதும் அவனுடைய தலைவனான கரீம் லாலாவை நேரில் போய்ப் பார்த்து நியாயம் கேட்கிறாள், அவர் கையில் ராக்கி கட்டுகிறாள். தாதாவின் தங்கை என்ற பெயர் வந்தபின் காமாத்திபுராவில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. விடுதித் தலைவிகளை அங்கே கர்வாலி என்பார்கள். கங்குபாய் கர்வாலிகளுக்கெல்லாம் மேலான கர்வாலி ஆகிறார். தங்கச் சரிகைக் கரை போட்ட வெள்ளைப் புடவை, தங்கப் பல், சொந்தமாக பென்ட்லி கார். விடுதிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று அந்தப் பகுதிப் பள்ளி ஒன்று எழுப்பிய கோரிக்கையை எதிர்த்து நிற்கிறார், ஆசாத் மைதானத்தில் மேடையேறிப் பேசுகிறார், பிரதமர் நேருவைச் சந்திக்கிறார்.

இவற்றில் பெரும்பகுதி அந்தத் தெருக்களில் வாய்வழியாக வந்த கதை. ஒரு பத்திரிகையாளர் பலரிடம் கேட்டுத் தொகுத்தது. நேருவுடனான உரையாடலை வரிக்கு வரி நம்ப வேண்டியதில்லை. கரீம் லாலா, காமாத்திபுரா, பள்ளி, சட்டம் எல்லாம் சரித்திரம். அவற்றுக்கு நடுவே அந்தப் பெண் என்ன பேசினாள் என்பது, அவளை நேசித்தவர்கள் சொல்லிச் சொல்லி மெருகேறியது. குடும்பத்தின் நினைவோ வேறு மாதிரி. அவருடைய வளர்ப்பு மகன் என்று சொல்லி ஒருவர் வழக்குத் தொடுத்தார். தங்கள் தாயைப் படம் இழிவுபடுத்துகிறது, அவர் சமூக சேவகி என்பது அந்தத் தரப்பின் வாதம். 2022 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது, மறுநாள் படம் வெளியானது. சட்டப்படி தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் வலி நியாயமானது. இறந்துபோன அம்மாவின் பெயரை ஊர் முழுக்க போஸ்டரில் பார்ப்பதற்கு அவர்கள் யாரும் சம்மதம் சொல்லவில்லை.

படம் புத்தகத்தின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கரீம் லாலாவின் பெயர் மட்டும் ரஹீம் லாலா ஆகிறது. அஜய் தேவ்கன் அந்தப் பாத்திரத்தில் வருகிறார். நிஜ கரீம் லாலா ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பத்தான். சூதாட்ட கிளப்புகளும் வட்டித் தொழிலும் நடத்தி, டோங்ரி, நாக்பாடா, கிராண்ட் ரோடு பக்கத்தைக் கையில் வைத்திருந்தவர். ராமநாதபுரம் பனைக்குளத்துக்காரரான ஹாஜி மஸ்தானும், தூத்துக்குடியில் பிறந்து மாட்டுங்கா, தாராவி பகுதியை ஆண்ட வரதராஜ முதலியாரும் அவருடைய சமகாலத்தவர்கள். அந்தக் காலத்து பம்பாய் நிழலுலகக் கதையில் நம் ஊர்ப் பெயர்கள் இவ்வளவு இருந்தும், பெண்கள் இருந்த தெருக்களைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதியதில்லை.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது மிக உண்மையாக இருக்கும் இடங்கள் எல்லாம் சின்னச் சின்ன இடங்கள். விடுதி வாசலில் வரிசையாக நிற்கும் பெண்களோடு கங்குவும் நின்று, கையை அசைத்து ஆள் கூப்பிடும் காட்சி ஒன்று உண்டு. அசைவு அழைப்பது போலத்தான் இருக்கும், கண்ணில் மட்டும் தூக்கம் நிற்கும். நாள் முழுக்க நின்ற கால் எப்படி உடம்பை ஒரு பக்கமாகச் சாய்க்கும் என்பதை கங்குவாக நடித்த ஆலியா பட் எங்கோ பார்த்துக் கற்றிருக்க வேண்டும். அப்புறம் கடிதம் எழுதும் காட்சி. ஒருத்தி வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வரி எடுத்துக் கொடுக்கிறார்கள். எந்த வரி யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகிறது. அத்தனை பேருக்கும் வீடு ஒன்றுதான், கதவு சாத்திய வீடு. இந்தக் காட்சியில் பாட்டு இல்லை, வசன வீச்சு இல்லை. படத்திலேயே மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பேன்.

அதற்கு அடுத்து டிரங்க் கால் காட்சி. பல வருடம் கழித்து ஊருக்கு போன் போடுகிறாள். எதிர்முனையில் அம்மா. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிகிறது. நடுவில் ஆபரேட்டர் குறுக்கிட்டு, பேச இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தக் காலத்தில் டிரங்க் கால் பேசியவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும். அழுவதற்கும் காசு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைப் புடவைக் காட்சியைப் பலர் அழகுக்காகப் புகழ்வார்கள். தையல்காரப் பையன் அஃப்ஸானிடம் வெள்ளைத் துணி கேட்கிறாள். எந்த வெள்ளை என்று அவன் கேட்க, நிலா வெள்ளை, மேக வெள்ளை, காகித வெள்ளை, பால் வெள்ளை, உப்பு வெள்ளை என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது வேறு விஷயம். தினமும் பல ஆண்களைப் பார்க்கும் ஒருத்தியிடம், உனக்கு என்ன வேண்டும் என்று ஓர் ஆண் கேட்டு, பொறுமையாக நின்று பதிலுக்குக் காத்திருக்கிறான். அவளுக்கு அது முதல்முறை என்பது அவள் முகத்தில் தெரிகிறது. சாந்தனு மகேஸ்வரி அந்த வேடத்தை மிக மென்மையாகச் செய்திருக்கிறார்.

ஆலியா இந்த வேடத்துக்கு ரொம்பச் சின்ன உருவம் என்று அப்போது பலரும் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்கப்பட்டது 16 வயதுப் பெண். அந்தச் சின்ன உடம்பு சபையில் குரலை உயர்த்தும்போது, இந்த அதட்டல் எவ்வளவு பயத்தை மூடிக்கொண்டு வருகிறது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கிருத்தி சனோனோடு பகிர்ந்துகொண்டார். படத்தொகுப்பு, திரைக்கதை, வசனம், ஒப்பனை ஆகியவற்றுக்கும் விருது வந்தது. ரஸியாபாய் என்ற திருநங்கைப் பாத்திரத்தில் விஜய் ராஸ் நடித்தது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நல்ல நடிகர்தான். ஆனால் அந்த வேடத்தைச் செய்யக்கூடிய திருநங்கைக் கலைஞர்கள் இருக்கும்போது, காமாத்திபுராத் தலைவர் தேர்தலில் கங்குவுக்குப் போட்டிக்காரியாகவும் கெட்டவளாகவும் வரும் ஒரே திருநங்கைப் பாத்திரத்தை ஓர் ஆணுக்குக் கொடுத்ததை எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இவரை நாயகியாக்கலாமா என்பதற்குப் பதில் சொல்ல, முதலில் வேறொன்றைக் கேட்க வேண்டும். கங்குபாயின் பணம் எங்கிருந்து வந்தது? பென்ட்லி காரை எதை வைத்து வாங்கினார்? படம் இதற்குப் பாதி பதில்தான் சொல்கிறது. என் மனக்குறை முழுக்க அந்த மீதிப் பாதியில் இருக்கிறது.

பம்பாய் விடுதிகளில் ஒரு பெண் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைச் சில சொற்கள் முடிவு செய்தன. விலை கொடுத்து வாங்கி வந்த பெண் சுக்ரி. தரகனுக்குக் கர்வாலி கொடுத்த தொகை அப்படியே அந்தப் பெண்ணின் தலையில் கடனாக ஏறும். அதன்மேல் வட்டி. சாப்பாடு, துணி, மருந்து, போலீஸுக்குக் கொடுத்த மாமூல் எல்லாம் அதே கணக்கில். கடன் தீரும்வரை அவள் சம்பாதிப்பது அவள் கைக்கு வராது. கணக்கு கர்வாலியின் நோட்டில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு அதில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று தெரிய வழியில்லை. வருடக்கணக்கில் அப்படியே போகும். கடன் தீர்ந்துவிட்டது என்று கர்வாலி சொன்ன பிறகுதான் அவள் அதியா ஆவாள், அதாவது வருமானத்தில் பாதி அவளுக்கு, பாதி வீட்டுக்கு. அதற்கும் மேல் ஒரு படி உண்டு. கட்டிலுக்கோ அறைக்கோ வாடகை கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்வது. வயதாகி, ஆட்கள் வருவது குறைந்த பிறகுதான் பெரும்பாலோர் அந்தப் படிக்கு வந்து சேர்வார்கள்.

இந்தப் படிக்கட்டில் கடைசிவரை ஏறி, கையில் கொஞ்சம் காசும் போலீஸிலும் அடியாட்களிடமும் செல்வாக்கும் இருந்தால், தானே ஒரு கர்வாலி ஆகலாம். ஆனவுடன் செய்யும் முதல் முதலீடு புதிதாக ஒரு சுக்ரி. கர்வாலிகளில் பலர் இப்படி வந்தவர்கள்தான். தன்னை விற்ற விலை நினைவிருக்கும்போதே இன்னொருத்திக்கு விலை பேசுவார்கள். பிறவியிலேயே கொடியவர்கள் என்பதால் அப்படிச் செய்யவில்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு அந்தத் தெருவில் சாப்பாட்டுக்கு வேறு வழி இல்லை என்பதுதான் காரணம். கொடுமையை அனுபவித்த பெண்ணும் கொடுமையை நடத்துகிற பெண்ணும் ஒருத்தியே என்ற இந்த இடத்தில்தான் விடுதித் தலைவியின் வாழ்க்கை ஒரு பெரிய படத்துக்குத் தகுதி பெறுகிறது. எந்த நாடகாசிரியனும் ஏங்கக்கூடிய முரண் இது. பன்சாலி அதன் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே நுழையவில்லை.

நுழையாமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட வழியைக் கவனியுங்கள். படத்தில் கங்குபாயின் வருமானத்துக்கு ஒரு சாராயத் தொழில் வருகிறது. ரஹீம் லாலாவோடு கூட்டு. அந்தத் தொழிலுக்குச் சரித்திர ஆதாரம் நன்றாகவே உண்டு. பம்பாய் மாகாண மதுவிலக்குச் சட்டம் 1949ஆம் ஆண்டினுடையது. அந்தக் காலத்துப் பம்பாயின் பெரும் கறுப்புப் பணம் கள்ளச் சாராயத்தில்தான் புரண்டது. ஆனால் கதைக்குள் அது செய்யும் வேலை வேறு. தேர்தல் செலவுக்கும் தோரணைக்கும் பணம் எங்கிருந்து என்று பார்ப்பவர் கேட்கும் முன்பே ஒரு பதில் தயாராகிவிடுகிறது. சாராயத்தில் யாரோ முகம் தெரியாத குடிகாரன்தான் காசைத் தொலைக்கிறான். கங்குபாயின் வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் ராத்திரி சம்பாதித்ததில் கங்குபாய்க்கு எவ்வளவு போனது என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்த விடுதியின் முந்தைய தலைவி ஷீலா, கர்வாலியாக இருந்தபோது பணம் எண்ணுகிறாள், மிரட்டுகிறாள். கங்குபாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எண்ணுவது நம் கண்ணுக்குப் படுவதில்லை.

மது என்ற சிறுமியின் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விற்கப்பட்டு வந்த பெண், தொழிலுக்கு இணங்க மறுக்கிறாள். வழிக்குக் கொண்டுவர கங்குபாயைக் கூப்பிடுகிறார்கள். அவர் அந்தப் பெண்ணை வீட்டுக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்கிறார். விருப்பமில்லாத பெண்களை அவர் கட்டாயப்படுத்தவில்லை, போக நினைத்தவர்களை விட்டார் என்று புத்தகமும் சொல்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம், அப்படியானால் அந்தத் தெருவில் அது பெரிய காரியம். ஆனால் இப்படிப்பட்ட பெண்ணுக்குத் தரகன் ஏற்கெனவே காசு வாங்கியிருப்பான். அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது? ஒரு கர்வாலி இன்னொரு கர்வாலியிடம், உன் சரக்கை விட்டுவிடு என்று சொல்ல என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? இரக்கத்துக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் அன்று நடந்திருக்கக்கூடிய அந்தப் பேரத்தை மட்டும் காட்டியிருந்தால், கங்குபாய் இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிய மனுஷியாக எழுந்து நின்றிருப்பார். நல்லவர் என்று சொல்லிவிடுவதைவிட, நல்லது செய்ய என்ன செலவானது என்று காட்டுவதுதான் மரியாதை.

இந்தத் தெருக்களின் பழைய கதை தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும். ஹைதராபாத் பக்கத்திலிருந்து வந்த காமாட்டிக் கட்டடத் தொழிலாளர்கள் குடியிருந்ததால் காமாத்திபுரா என்று பெயர். பிரிட்டிஷார் காலத்தில் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்குமாக விடுதிகள் பெருகின. ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள் இருந்த சந்துக்கு வெள்ளைச் சந்து என்ற பொருளில் சஃபேத் கல்லி என்றே பெயர். அரசு இதை ஒழிக்க முயலவில்லை. பெண்களைப் பதிவு செய்து, நோய் இருக்கிறதா என்று கட்டாயப் பரிசோதனை நடத்தத்தான் 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. 1917இல் டங்கன் ரோட்டு விடுதியில் அக்கூதாய் என்ற பெண்ணை, தப்பிக்க முயன்றதற்காக விடுதி நடத்தியவர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். நகரமே அதிர்ந்துபோனது. அதன் தொடர்ச்சியாக விசாரணைக் குழு, பிறகு 1923இல் பம்பாய் விபச்சாரத் தடுப்புச் சட்டம். அந்த டங்கன் ரோடு, காமாத்திபுராவை ஒட்டியே போகிறது. கங்குபாய்க்கு வந்து சேர்ந்த கர்வாலி என்ற பதவிக்குப் பின்னால் இந்தச் சரித்திரமும் இருக்கிறது. இது ஒரு வார்த்தையாகக்கூட படத்தில் வரவில்லை.

பள்ளிக்கூட விவகாரத்துக்கு வருவோம். படத்தின் இரண்டாம் பாதி முழுக்க அதைச் சுற்றித்தான். இதற்குச் சட்டப் பின்னணி உண்டு. சுதந்திர இந்தியா 1950இல் ஐ.நா.வின் மனிதக் கடத்தல் எதிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1956இல் பெண்களையும் சிறுமிகளையும் வைத்து நடக்கும் ஒழுக்கக்கேடான வாணிபத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. இன்றும் அதே சட்டம்தான், 1986இல் திருத்திப் பெயர் மாற்றினார்கள். தன் உடலைத் தன் விருப்பத்தில் விற்பதை அது நேரடியாகக் குற்றம் என்று சொல்லாது. விடுதி நடத்துவது குற்றம், பொது இடத்தில் ஆள் அழைப்பது குற்றம், பாலியல் தொழிலாளியின் வருமானத்தில் வாழ்வது குற்றம். கோவில், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் அதுவும் குற்றம். ஆக, பழைய சிவப்பு விளக்குத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருந்தால் போதும், தெருவையே காலி செய்யச் சொல்ல முடியும். யார் முதலில் வந்தார்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

இதில் மிகவும் வதைப்பது வருமானத்தில் வாழ்வது பற்றிய பிரிவு. அது தரகர்களைப் பிடிக்க எழுதியது. ஆனால் 18 வயதைத் தாண்டிய எவருக்கும் அது பொருந்தும். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு அம்மா ஃபீஸ் கட்டினால் அந்த மகன்மேலும் வழக்குப் போடலாம், வயதான தாய்க்குச் சோறு போட்டால் அந்தத் தாய்மேலும் போடலாம். தன் பெண்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கங்குபாய் போய் நிற்கும் காட்சி கண்ணீர் வரவழைக்கிறது. அந்தப் பிள்ளைகள் படித்து வளர்ந்த பிறகும் சட்டம் அவர்களை விடாது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

பிரதமரைப் பார்த்து இந்தத் தொழிலைச் சட்டபூர்வமாக்குங்கள் என்று படத்தில் கங்குபாய் கேட்கிறார். இன்றைக்குப் பாலியல் தொழிலாளர் அமைப்புகளிடம் கேட்டால், பெரும்பாலோர் சட்டபூர்வமாக்கு என்று சொல்ல மாட்டார்கள், குற்றப் பட்டியலிலிருந்து எடு என்பார்கள். வித்தியாசம் பெரியது. சட்டபூர்வமாக்கினால் லைசென்ஸ், பதிவு, கட்டாய மருத்துவப் பரிசோதனை என்று அரசாங்கமே பெரிய கர்வாலி ஆகிவிடும். 1868ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால் போலீஸ் மாமூல் குறையும், அடித்தவன்மேல் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போகலாம், வங்கியில் கணக்குத் தொடங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜத்தில் இந்தப் பெண்கள் சங்கமாகத் திரண்டபோது பல இடங்களில் கர்வாலிகளின் பிடியையும் எதிர்த்துத்தான் திரண்டார்கள். கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா எச்ஐவி தடுப்புக்காக வேலையைத் தொடங்கினார். அது 1995இல் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற பெண்களின் சொந்த அமைப்பாக வளர்ந்தது. அதே ஆண்டு உஷா என்ற கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்கள். சேமிப்பு, கடன் இரண்டும் அவர்கள் கையிலேயே. கர்வாலியிடமும் கந்துவட்டிக்காரனிடமும் கையேந்த வேண்டியிருந்த பெண், தன் பெயரில் பாஸ்புக் வைத்திருக்கிறாள். மகாராஷ்டிரத்தின் சாங்லியில் வேஷ்யா அன்யாய் முக்தி பரிஷத் இதே போலப் பெண்களே நடத்தும் அமைப்பு. படத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்காக ஒரு தலைவி பேசுகிறார், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். சோனாகாச்சியில் கைதட்டுகிறவர்களே மைக்கைப் பிடித்தார்கள். 2022 மே மாதம், படம் வெளியாகி மூன்று மாதத்தில், புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமை இவர்களுக்கும் உண்டு, போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது, ஆதார் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது இந்த அமைப்புகளின் பல வருட உழைப்பு.

தமிழ் வாசகர்கள் இதை வேற்றூர்க் கதையாகப் பார்க்கக் கூடாது என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில்தான். பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில், மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். பம்பாய் விடுதிகளில் தமிழ்ப் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். 1990இல் அவர்களில் நூற்றுக்கணக்கானோரை மீட்டுத் தனி ரயிலில் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்தார்கள். முக்தி எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பெயர். பரிசோதித்தபோது பலருக்கு எச்ஐவி இருந்தது. மீட்பு என்று பத்திரிகைகள் கொண்டாடிய விஷயம் அந்தப் பெண்களுக்கு இன்னொரு அடைப்பாக முடிந்தது. அவர்களைக் காப்பகங்களில் வைத்தார்கள், ஊர் ஒதுக்கியது. அப்பா இறந்த செய்தியை டிரங்க் காலில் கேட்ட கங்குபாயின் நிலைதான், வீட்டு வாசல்வரை வந்துவிட்ட பல பெண்களுக்கும்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: நாயகியாகக் காட்டலாம், காட்டவும் வேண்டும். தாதாக்களையும் கடத்தல்காரர்களையும் நாயகர்களாக்கி எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. அவர்கள் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பதை அந்தப் படங்கள் மறைத்ததில்லை. ஒரு பெண் வரும்போது மட்டும் அவள் செய்ததைத் துடைத்து, வெள்ளைப் புடவை கட்டி, தாயாக்கித்தான் முன்னே நிறுத்த வேண்டியிருக்கிறது. அவள் ஏமாந்தவளாகவும், மற்றவர்களுக்காகவே வாழ்ந்தவளாகவும் இருந்தால்தான் நம் இரக்கம் கிடைக்கும் என்று படத்தை எடுத்தவர்கள் பயந்திருக்கிறார்கள். பன்சாலி மும்பை புலேஷ்வர் பக்கத்தில் ‘சால்’ எனப்படும் நெருக்கமான வரிசைக் குடியிருப்பில் வளர்ந்தவர், இந்தத் தெருக்களைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் அவர் போட்ட செட்டில் சினிமா போஸ்டர்களும் சுவரின் ஈரமும் சந்தின் அகலமும் அவ்வளவு அக்கறையோடு வந்திருக்கின்றன. அதே அக்கறை கர்வாலியின் கணக்கு நோட்டுக்கும் கிடைத்திருந்தால் படத்தின் உயரமே வேறாக இருந்திருக்கும்.

படத்தை இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். கங்குபாய் பேசும்போது அவருக்குப் பின்னால் நிற்கும் பெண்களைக் கவனியுங்கள். கம்லியாக வரும் இந்திரா திவாரியைக் குறிப்பாகப் பாருங்கள். தலைவியாகாமல், சுக்ரியாக வந்து அங்கேயே வாழ்ந்து முடிந்த ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்க்கை அவர்கள் முகத்தில் கொஞ்சம் இருக்கிறது. காமாத்திபுராவின் பழைய கட்டடங்களை இடித்துக் குடியிருப்புக் கோபுரங்கள் கட்ட மகாராஷ்டிர அரசு திட்டமிட்டிருக்கிறது. அவை எழும் முன், அந்தச் சந்துகளில் இன்னும் மிச்சமிருக்கும் வயதான பெண்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால், அடுத்த படத்துக்கான கதை அங்கேயே இருக்கிறது.